க-வின் குறி தெரியாதபோது

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மகள், வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதப்போகும் ஜிஆர்இ தேர்வின் பயிற்சி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விரித்து வைத்த பக்கத்தில், நீல மையில் நேர்த்தியாக மூன்றே வரிகளில் போட்டு முடித்த ஒரு கணக்கும், அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறியும் இருந்தன. விடைக்குறிப்பைப் பார்த்துவிட்டு அவளே போட்டுக்கொண்ட குறி அது. "எந்த வரியில தப்புன்னு மூணு தடவை பார்த்துட்டேன் சித்தி, கண்டுபிடிக்க முடியல" என்றாள். சமக்குறிக்குப் பதிலாகப் பெரிது, சிறிது குறி வரும் சமனிலிக் கணக்கில் தவறும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து நிற்கிறார்கள். கூட்டல் கழித்தலில் பிழை இருக்காது, வரிகள் ஒழுங்காக ஒன்றன்கீழ் ஒன்று இறங்கும், விடை மட்டும் அடியோடு தவறாக இருக்கும்.

தெரியாத எண்ணை எக்ஸ் என்று எழுதியே நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். இந்தப் பதிவில் அதை க என்று எழுதுகிறேன். இரண்டாவதாக ஓர் எண் தேவைப்பட்டால் அது ம. அவள் போட்ட கணக்கு இது:

(க − 1) / (க + 2) ≥ 3

க − 1 ≥ 3க + 6

−7 ≥ 2க, ஆகவே க ≤ −3.5

பார்வைக்குக் குறையே இல்லை. ஆனால் அவள் விடைக்குள் அடங்கும் −4 என்ற எண்ணை எடுத்து முதல் வரியில் போட்டுப் பாருங்கள்: தொகுதி −5, பகுதி −2, ஈவு 2.5. அது மூன்றைவிடச் சிறியது. −10 போட்டால் −11-ஐ −8-ஆல் வகுத்து 1.375 வருகிறது, இன்னும் மோசம். மாறாக, அவள் விடைக்கு வெளியே இருக்கும் −3 போட்டால் −4-ஐ −1-ஆல் வகுத்து 4 கிடைக்கிறது, சமனிலி நிறைவேறுகிறது. −2.5 போட்டால் 7. உண்மையான விடை −3.5 ≤ க < −2. அவளுடைய விடையும் உண்மையான விடையும் −3.5 என்ற ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கைகுலுக்கிக்கொள்கின்றன. மற்ற எல்லா இடங்களிலும் ஒன்று ஆம் என்றால் மற்றது இல்லை என்கிறது.

பிழை முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்கு இறங்கும் இடத்தில் நடந்திருக்கிறது. குறுக்குப் பெருக்கல் என்று நாம் எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அந்த வேலையில், இரு பக்கத்தையும் க + 2 என்ற எண்ணால் பெருக்கிவிட்டாள். அந்த எண் மிகை எண்ணா குறை எண்ணா என்று அவளுக்குத் தெரியாது, கேள்வியும் சொல்லவில்லை. சமன்பாடாக இருந்தால் கவலையில்லை. இரண்டு பக்கமும் ஒன்றே என்னும்போது, பூஜ்ஜியம் அல்லாத எதனால் பெருக்கினாலும் அவை ஒன்றாகவே இருக்கும். சமனிலியில் குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பிவிடுகிறது. ஐந்து ரூபாய் கையிருப்பு வைத்திருப்பவர் மூன்று ரூபாய் வைத்திருப்பவரைவிட வசதியானவர். அதே தொகைகள் கடனாக மாறினால் ஐந்து ரூபாய்க்காரர்தான் மோசமான நிலையில் இருக்கிறார். 5 > 3 என்பது −5 < −3 ஆவது இவ்வளவுதான். இந்த விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். −2 என்று எண்ணாக எழுதியிருந்தால் குறியைத் திருப்ப யாரும் மறப்பதில்லை. க + 2 என்று எழுதியிருக்கும்போது, அதில் கழித்தல் குறி கண்ணில் படாததால், அதை மிகை எண் என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

அவளிடம் நான் காட்டியது, அவள் விடையே அவளைக் காட்டிக்கொடுக்கிறது என்பதைத்தான். குறியைத் திருப்பாமல் பெருக்கியதன் மூலம் க + 2 மிகை எண் என்று அவள் சொல்லாமலே ஒப்புக்கொண்டுவிட்டாள்; அதாவது க என்பது −2-ஐவிடப் பெரியது. வந்த விடையோ க என்பது −3.5 அல்லது அதற்கும் கீழே என்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே அந்த வழியில் விடையே இல்லை. க + 2 குறை எண் என்று வைத்துக்கொண்டு குறியைத் திருப்பிப் பெருக்கினால் க ≥ −3.5 வருகிறது, க < −2 என்ற நிபந்தனையோடு சேர்த்தால் மேலே சொன்ன விடை கிடைத்துவிடுகிறது.

இப்படி இரண்டு கிளையாகப் பிரித்துச் செய்வது சரியான முறைதான் என்றாலும், தேர்வு நேரத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பகுதியில் இரண்டு காரணிகள் வந்தால் கிளைகள் நான்காகும், எந்தக் கிளையில் எந்த நிபந்தனை என்பது கைக்குழப்பத்தில் தொலைந்துபோகும். பெருக்காமலே இருப்பது மேல். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் பூஜ்ஜியத்தை நிறுத்தி, ஒரே பின்னமாக்கினால் இப்படி வரும்:

(2க + 7) / (க + 2) ≤ 0

கழிப்பதற்கு யாருடைய குறியும் தெரிய வேண்டியதில்லை என்பதுதான் இதிலுள்ள வசதி. நடுவில் −1-ஆல் ஒருமுறை பெருக்கிக் குறியைத் திருப்பியிருக்கிறேன். −1 குறை எண் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இப்போது எண்கோட்டை வரைந்து −3.5, −2 என்ற இரண்டு இடங்களில் கோடு கிழித்தால் மூன்று அறைகள் கிடைக்கின்றன. வலதுகோடி அறையில் இரண்டு காரணிகளும் மிகை, பின்னமும் மிகை. நடு அறையில் க + 2 குறையாகிவிட, பின்னம் குறை. இடதுகோடியில் இரண்டும் குறை, ஆகவே மீண்டும் மிகை. நமக்குத் தேவை நடு அறை. −3.5-இல் தொகுதி பூஜ்ஜியமாவதால் அந்தச் சுவர் நமக்குச் சொந்தம். −2-இல் பகுதி பூஜ்ஜியமாவதால் அந்தச் சுவரைத் தொடக்கூடாது. ஜேஇஇ பயிற்சி வகுப்புகளில் இதையே 'வேவி கர்வ்' என்று சொல்லி, வலமிருந்து இடமாக மேலும் கீழுமாக ஓர் அலையை வரையச் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

ஒரு சிறு இடைச்செருகல். சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் அச்சில் அறிமுகப்படுத்தியது 1557-இல். நாம் இன்று எழுதும் பெரிது, சிறிது குறிகள் தாமஸ் ஹாரியட்டின் இயற்கணித நூலில், அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 1631-இல் வெளிவந்தன. பள்ளிக்கூடத்திலும் சமன்பாடுதான் மூத்த பிள்ளை. பல ஆண்டுகள் சமன்பாட்டோடு பழகிய கை, நடுவில் இருக்கும் குறி மாறியதைக் கண்டுகொள்ளாமல் பழைய வேலையையே செய்துகொண்டு போகிறது.

எனக்கும் அதுதான் நடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஜிஆர்இ எழுதத் தயாரானபோது, ஒரு மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. க² > க என்று கொடுத்துவிட்டு, அளவு ஏ என்பது க, அளவு பி என்பது 1, எது பெரியது என்று கேட்டிருந்தார்கள். இரு பக்கத்தையும் க-வால் வகுத்தேன், க > 1 என்று வந்தது, ஏ பெரியது என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. அந்த வேகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. க என்பது −3 ஆக இருந்தால் அதன் வர்க்கம் 9, அது −3-ஐவிடப் பெரியதுதான். ஆனால் −3 ஒன்றைவிடச் சிறியது. ஆகவே சரியான விடை டி, அதாவது கொடுத்த தகவலைக் கொண்டு முடிவு சொல்ல இயலாது. க² − க > 0 என்று ஒரு பக்கம் கொண்டுவந்து க(க − 1) > 0 என்று காரணிப்படுத்தியிருந்தால் க < 0 என்ற அறை கண்ணெதிரே நின்றிருக்கும்.

அளவுகளை ஒப்பிடும் இந்த வகைக் கேள்விகளுக்கு ஜிஆர்இ-யில் விடைகள் மாறுவதே இல்லை. ஏ பெரியது, பி பெரியது, இரண்டும் சமம், முடிவு சொல்ல இயலாது என்ற நான்கும் அதே வரிசையில்தான் எப்போதும் இருக்கும். இரண்டு பக்கமும் வெறும் எண்களாக இருந்தால் நான்காவது விடை வரவே வராது, ஏனெனில் இரண்டு எண்களில் எது பெரியது என்பது எப்போதும் முடிவானது. எழுத்து வந்துவிட்டால் நான்காவதின் நிழல் கேள்வி முழுவதும் விழுந்திருக்கும். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு கணிதத்தில் மொத்தம் 27 கேள்விகள், 47 நிமிடங்கள். முதல் பிரிவில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். சராசரியாக ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 104 வினாடிகள் வருகின்றன. திரையில் ஒரு கால்குலேட்டரும் கொடுத்திருப்பார்கள். க-வின் குறி என்ன என்று அதனிடம் கேட்க முடியாது.

ஆகவே எழுத்தைக் கண்டதும் போட்டுப் பார்க்க ஏழு எண்களை நான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்: −2, −1, −½, 0, ½, 1, 2. பிள்ளைகளை விட்டால் 2, 3, 5 என்று போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவார்கள். அந்த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே சாட்சியைத்தான் சொல்லும். பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே வர்க்கம் சிறுத்துவிடுகிறது, வர்க்கமூலம் பெருத்துவிடுகிறது. −1-க்கும் பூஜ்ஜியத்துக்கும் நடுவே கனம் பெரிதாகிறது: −½-இன் கனம் −⅛, அது −½-ஐவிடப் பெரியது. அரை ரூபாய்க் கடன் எட்டில் ஒரு பங்கு ரூபாயாகக் குறைந்தால் நிலைமை மேம்பட்டதாகத்தானே பொருள்? ஏழில் இரண்டு எண்கள் இரண்டு விதமாகப் பேசினால் அந்த இடத்திலேயே டி என்று குறித்துவிட்டு நகரலாம்.

ஆனால் ஏழும் ஒரே குரலில் பேசினால் அது நிரூபணம் ஆகிவிடாது. இதை விளக்க நானே ஒரு கேள்வியை உருவாக்கி அவளிடம் கொடுத்தேன். அளவு ஏ: 9க. அளவு பி: க² + 20. அவள் ஏழு எண்களையும் போட்டாள். ஏழிலும் பி பெரியது. நம்பிக்கை வராமல் 10 போட்டாள், 90-க்கு எதிரே 120, பி-தான் பெரியது. 6 போட்டாள், 54-க்கு எதிரே 56. பி என்று எழுதிவிட்டாள். பிறகு பி-யிலிருந்து ஏ-யைக் கழிக்கச் சொன்னேன். க² − 9க + 20, அதாவது (க − 4)(க − 5). நான்கிலும் ஐந்திலும் இரண்டு அளவுகளும் சமம், நடுவே 4.5 போட்டால் ஏ 40.5, பி 40.25. அந்த ஓர் அலகு அகலமுள்ள சந்துக்குள் மட்டும் ஏ பெரியதாகிவிடுகிறது. எண்களைப் போட்டுப் பார்ப்பது பொய்யை உடைக்க உதவும், மெய்யை நிறுவ உதவாது என்பதை நான் வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பாள். அந்தச் சந்தைப் பார்த்த பிறகு, ஒன்றும் பேசாமல் நோட்டின் ஓரத்தில் 'கழித்துப் பார்' என்று எழுதிக்கொண்டாள்.

நிறையப் படித்தவர்களை வீழ்த்தும் கேள்வியும் ஒன்று உண்டு. க > 0 என்று கொடுத்துவிட்டு, அளவு ஏ: க + 1/க, அளவு பி: 2 என்றால் என்ன விடை? கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்ற தேற்றத்தை அறிந்தவர், மிகை எண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 2-க்குக் கீழே போகாது என்று உடனே சொல்லி, ஏ பெரியது என்று குறித்துவிடுவார். க என்பது 1 ஆனால் இரண்டும் சமம். விடை டி. தேற்றத்தில் இருப்பது ≥. அவர் நினைவில் தங்கியிருப்பது >. கீழே போட்டிருக்கும் அந்தச் சிறு கோட்டுக்கு ஒரு முழுக் கேள்வியின் மதிப்பெண் இருக்கிறது. இதே தேற்றம் அறியாத பிள்ளை ஏழு எண்களில் 1-ஐப் போட்டுப் பார்த்துச் சரியாக எழுதிவிடும் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

மட்டு மதிப்பு, அதாவது குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுக்கும் | | என்ற குறி, வரும் சமனிலிகளைப் பள்ளியில் இரண்டு கிளைகளாகப் பிரித்துச் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைவிட நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல்லை நினைத்துக்கொள்வது எளிது. |க − 5| < 3 என்றால் க என்ற கல், 5-ஆம் கல்லிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முன்னே 8 வரை, பின்னே 2 வரை. முடிந்தது. இதைத் திருப்பியும் கேட்பார்கள்: 14 < க < 30 என்ற நிபந்தனையை ஒரே மட்டு மதிப்பில் எழுது என்பார்கள். நடுக் கல் 22, இரு பக்கமும் 8. ஆகவே |க − 22| < 8. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. |2க − 7| ≤ 5 போன்றவற்றில் முதலில் −5-க்கும் 5-க்கும் இடையில் மாட்டிவிட்டு, மூன்று பகுதிக்கும் 7 கூட்டி, 2-ஆல் வகுத்தால் 1 முதல் 6 வரை வந்துவிடும்.

இரண்டு எழுத்துகள் தத்தம் எல்லைகளோடு வரும்போதுதான் மறுபடியும் கவனம் தேவைப்படுகிறது. −4 ≤ க ≤ 3, −2 ≤ ம ≤ 5 என்று கொடுத்து, க × ம அதிகபட்சம் எவ்வளவு என்றால், பெரியதைப் பெரியதால் பெருக்கி 15 என்பார்கள். இங்கே அது சரியாகவே அமைந்துவிடுகிறது, ஆனால் தற்செயலாக. குறைந்தபட்சம் கேட்டால் அதே பழக்கத்தில் சிறியதைச் சிறியதால் பெருக்கி 8 என்று எழுதுவார்கள். குறைந்தபட்சம் 15-ஐ நெருங்கும் மிகை எண்ணாக இருக்கிறதே என்று யாரும் திடுக்கிடுவதில்லை. நான்கு மூலைகளையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 8, −20, −6, 15. குறைந்தபட்சம் −20. க² எந்த எல்லைக்குள் என்று கேட்டால் 9 முதல் 16 வரை என்று வரும் விடையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். க பூஜ்ஜியத்தைக் கடந்து போகிறது, ஆகவே வர்க்கம் 0-வைத் தொட்டுவிட்டு 16 வரை ஏறுகிறது. க − ம என்பதற்கு ஒரு சமனிலியிலிருந்து இன்னொன்றை அப்படியே கழிப்பது வேறொரு குற்றம். 10 > 3, 9 > 1 என்ற இரண்டும் உண்மை. கழித்தால் 1 > 2 என்று நிற்கும். சிறியதிலிருந்து பெரியதைக் கழித்து −9, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எல்லைகளைக் காண வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுப் பையன் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். அவனுடைய தேர்வில் சமனிலி வேறு வேடத்தில் வருகிறது. இரண்டு இருபடிச் சமன்பாடுகளைக் கொடுத்து, க-வுக்கும் ம-வுக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள்.

க² − 7க + 12 = 0

ம² − 9ம + 20 = 0

க-வின் மூலங்கள் 3, 4. ம-வின் மூலங்கள் 4, 5. அக்கா மகளுக்குச் சந்து காட்டிய அதே காரணிகள். க-வின் பெரிய மூலம் ம-வின் சிறிய மூலத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் க ≤ ம. அந்தப் பையன் மூலங்களைக் கண்டுபிடிக்கும் வேகத்தை நான் பார்த்து அசந்திருக்கிறேன். 12-ஐ 3 என்றும் 4 என்றும் பிரிப்பதற்கு அவன் பேனாவை எடுப்பதே இல்லை. அவன் தடுமாறுவது கடைசிப் படியில். க-வுக்கு 2, 6 என்றும் ம-வுக்கு 4, 5 என்றும் வந்தால், ஒன்று மற்றதை விழுங்கிக்கொண்டு நிற்கிறது; அங்கே உறவு சொல்ல இயலாது. இன்னொரு பழைய பொறி: க² = 49, ம = √49. முதலாவதில் க என்பது 7 ஆகவோ −7 ஆகவோ இருக்கலாம். இரண்டாவதில் அந்த மூலக் குறி மிகை மதிப்பை மட்டுமே குறிப்பதால் ம என்பது 7 மட்டுமே. ஆகவே க ≤ ம. "ரெண்டும் சமம்னு போட்டுட்டேன் ஆன்ட்டி" என்று ஒருநாள் மாடிப்படியில் நின்று சொன்னான். வங்கித் தேர்வில் தவறான விடைக்கு அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஜிஆர்இ-யில் அப்படிப் பிடித்தம் இல்லை என்பதால், அங்கே எந்தக் கேள்வியையும் வெற்றாக விட்டுவிட்டு வரக்கூடாது. இங்கே விடத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே கணக்குக்கு இரண்டு தேர்வுகளில் இரண்டு வித நிதானம் தேவைப்படுகிறது.

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு இவை எல்லாவற்றையும்விடக் கறாரானது. அங்கே ஒரு வகைக் கேள்வியில் விடையைக் கேட்பதில்லை, விடை காணத் தகவல் போதுமா என்று மட்டும் கேட்கிறார்கள். 2023 இறுதியில் வந்த புதிய வடிவத்தில் இந்தக் கேள்விகளைக் கணிதப் பிரிவிலிருந்து எடுத்து, தரவுகளைப் பற்றிய தனிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். க/ம > 1 ஆகுமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் க > ம. பெரும்பாலானோர் இங்கேயே போதும் என்று எழுந்துவிடுவார்கள். க −1, ம −2 என்றால் ஈவு ½. இரண்டாவது தகவல் ம > 0. அது தனியாக ஒன்றுக்கும் உதவாது, முதலாவதோடு சேர்ந்தால் போதுமானது. அந்த இரண்டாவது தகவல், ம-வால் வகுப்பதற்கான அனுமதிச் சீட்டு. கேள்வி தயாரித்தவர், நாம் கேட்காமலே செய்துகொள்ளும் ஓர் அனுமானத்தை எடுத்துத் தனி வரியாக எழுதி, இது இல்லாமல் நீ எப்படி வகுத்தாய் என்று கேட்கிறார். இந்த ஒரு வகைக் கேள்வியைப் பத்துப் பதினைந்து போட்டுப் பார்ப்பது, ஜிமேட் எழுதாதவர்களுக்கும் நல்லது என்பது என் எண்ணம். அக்கா மகள் முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

சென்ற ஞாயிறு கிளம்புவதற்கு முன் அவளுக்கு ஒரு கடைசிக் கணக்கு கொடுத்தேன்.

(க − 1)²(க − 4)(க + 3) < 0

−3, 1, 4 என்ற மூன்று இடங்களில் கோடு கிழித்து நான்கு அறைகள் செய்தாள். வலதுகோடி மிகை, அடுத்தது குறை. ஒன்றைத் தாண்டும்போது குறியை மாற்றப் போனவள் பேனாவை நிறுத்தினாள். வர்க்கம் குறை எண் ஆகாது, ஆகவே அந்தச் சுவரைத் தாண்டினாலும் குறி மாறாது. −3-க்கும் 4-க்கும் இடையே முழுவதும் குறை, ஆனால் சரியாக 1-இல் மதிப்பு பூஜ்ஜியம், பூஜ்ஜியம் பூஜ்ஜியத்தைவிடச் சிறியதல்ல. ஆகவே 1 நீங்கலாக −3 முதல் 4 வரை, முனைகள் சேராமல். எத்தனை முழுக்கள் என்று கேட்டேன். −2, −1, 0, 2, 3 என்று விரல்விட்டு ஐந்து என்றாள். சரி.

குறியை மட்டும் ≥ என்று மாற்றி, அடுத்த கணக்காக எழுதினேன். எனக்கு விடை மனத்தில் தயாராக இருந்தது: க ≤ −3 அல்லது க ≥ 4. அவள் போட்டு முடிப்பதற்குள் நோட்டின் அடியில் அதைப் பென்சிலால் சிறிதாக எழுதியும் வைத்துவிட்டேன். அவள் தன் விடையை எழுதி, என் பென்சில் எழுத்தைப் பார்த்து, ஒரு நொடி தயங்கினாள். "சித்தி, ஒன்னு போட்டா பூஜ்ஜியம் வருதே, அதையும் சேர்க்கணும் இல்லையா?" என்றாள். எண்கோட்டில் இரண்டு பக்கமும் நீண்டு போகும் தடித்த கோடுகளுக்கு நடுவே, 1-க்கு மேலே தனியாக ஒரு புள்ளி வைத்திருந்தாள். நான் அழிப்பானைக் கேட்டேன். அவள் தரவில்லை, சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.